கோல்டு பிராசஸ் சோப்பு சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் அடுப்பில் காய்ச்சாமல் கலந்து, அச்சில் ஊற்றி வீட்டில் செய்வது கோல்டு பிராசஸ் சோப்பு. அதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, எண்ணெயோடு சேராத காஸ்டிக் சோடா சோப்புக்குள் மிச்சம் இருப்பது. இது தோலைப் புண்ணாக்கும். இன்னொன்று, வெறும் தோற்றக் குறை: மேலே வெள்ளைப் படிவு, நடுவில் வட்டம், வெடிப்பு, நிறம் மாறுவது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். நல்ல சோப்பைக் குப்பையில் போடுகிறார்கள். தேய்க்கவே கூடாததை, "ரெண்டு மாசம் காய்ஞ்சா சரியாயிடும்" என்று அலமாரியில் அடுக்குகிறார்கள். இந்த இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உள்ளே காஸ்டிக் சோடா மிச்சம் இருக்கிறதா?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. சோப்பு ஊற்றி இரண்டு நாள் கழித்து, விரலை ஈரமாக்கி, கட்டியின் மேல் லேசாகத் தேய்த்து, அந்த நுரையை நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள். சோப்பின் சுவை மட்டும் தெரிந்தால் சரி. சுரீரென்று கடித்தால் காரம், அதாவது காஸ்டிக் சோடா, மிச்சம் இருக்கிறது. உடனே வாயைக் கொப்பளித்துவிடுங்கள். கட்டிக்குள் நீர் கோத்திருந்தாலோ உள்ளே வெள்ளைத் துகள்கள் தெரிந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். விடை கண்ணெதிரே இருக்கிறது. பி.எச். தாள் மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரிவராது. நல்ல சோப்பே 9 முதல் 10 வரை காட்டும். "பி.எச். 7 உள்ள சோப்பு" என்று விற்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவான உண்மையான சோப்பாக இருக்க முடியாது.

தொடங்கும் முன்

காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் சோடாவில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் ஓரிடத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் 80, 90 டிகிரி வரை தானாகச் சூடேறும், நெடியான ஆவி வரும். ஜன்னல் பக்கமோ மொட்டை மாடியிலோ வைத்துக் கலக்குங்கள். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். பாத்திரம் எவர்சில்வர் அல்லது 5 என்று அடியில் எண் போட்ட கெட்டிப் பிளாஸ்டிக். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. கரைசலை டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள், யாராவது குடித்துவிடுவார்கள்.

தோலில் பட்டால், செதிலாக இருந்தால் முதலில் தட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சை எதுவும் தேய்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் அதே அளவு நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; இந்தியாவில் 108-ஐ அழையுங்கள்.

கீழே சொல்வதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு அளவு: தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். இந்த 500 கிராமை முழுதும் சோப்பாக்க 76.5 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதில் 5 சதவீதம் குறைத்து 72.7 கிராம் போடுகிறோம். அந்தக் குறைப்பால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் தங்கி, தோலுக்கு இதமாக இருக்கும். தண்ணீர் 145 கிராம். ஆமாம், தண்ணீரையும் எடை போட்டே எடுங்கள்.

காஸ்டிக் சோடா போட்டதும் பாத்திரம் கறுத்து நுரைக்கிறது

அது அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும், அது தீப்பிடிக்கக் கூடியது. பக்கத்தில் அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் தொடாமல் விலகி நின்று, நுரைப்பது அடங்கிய பின் நிறையத் தண்ணீர் விட்டு அப்புறப்படுத்துங்கள். அந்தக் கரைசலில் சோப்பு செய்ய வேண்டாம். நல்ல பாத்திரத்திலேயே இப்படி நுரைத்தால், நீங்கள் வாங்கியது அடைப்பு நீக்கும் பவுடராக இருக்கும். சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருப்பார்கள். சோப்புக்கு வேறு எதுவும் கலக்காத சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும்தான் வேண்டும்.

கரைசல் தெளியவில்லை, கலங்கலாகவே இருக்கிறது

முதல் சில நிமிடங்கள் கலங்கலாக இருப்பது இயல்பு. அரை மணி கழித்தும் வெள்ளைப் படலம் மிதந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் திரிந்திருக்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். இல்லையென்றால் காஸ்டிக் சோடா பழசு. மூடி சரியாக மூடாத டப்பாவில் அது காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். செதில்கள் ஒட்டிக் கட்டியாகி, மேலே மாவு போல வெள்ளை பூத்திருந்தால் அதன் வீரியம் குறைந்துவிட்டது. எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. புதுசு வாங்குங்கள். "கொஞ்சம் கூடப் போட்டுச் சரிக்கட்டலாம்" என்ற கணக்குதான் பிறகு தோலைச் சுடும்.

எவ்வளவு கலக்கியும் கெட்டியாகவில்லை

எண்ணெயும் கரைசலும் சேர்ந்து தோசை மாவுப் பதத்துக்கு வருவதை டிரேஸ் என்கிறோம். மேலே ஒரு கோடு இழுத்தால் அது சில நொடி தங்க வேண்டும். கையால் கலக்கினால் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஹேண்ட் பிளெண்டரில் சில நிமிடம் போதும். மிக்சி ஜாரில் வேண்டாம், சூடும் அழுத்தமும் சேர்ந்து மூடி வழியாகத் தெறிக்கும்.

பிளெண்டர் போட்டும் வரவில்லை என்றால் எடையைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் அதிகமா, காஸ்டிக் சோடா குறைவா, எண்ணெய்க் கணக்கு தப்பா? ஆலிவ் மட்டும் போட்ட சோப்பு இயல்பாகவே மெதுவாகத்தான் டிரேஸ் ஆகும், அதற்குக் காத்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக ஏமாற்றும் ஒரு டிரேஸும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானலில் எந்த மாதத்திலும், சமவெளியில் மார்கழிக் காலையிலும், குளிர்ந்த எண்ணெய் கரைசலோடு சேராமலே உறைந்து கெட்டியாகும். டிரேஸ் வந்துவிட்டது என்று அச்சில் ஊற்றினால், சில மணி நேரத்தில் எண்ணெய் தனியாக, காரம் தனியாகப் பிரியும். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது கலந்தால் இந்தச் சிக்கல் வராது. சந்தேகமாக இருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி மறுபடி கலக்குங்கள். உண்மையான டிரேஸ் சூட்டில் நீர்த்துப் போகாது.

கலக்கும்போதே சட்டென்று இறுகிவிட்டது

பெரும்பாலும் வாசனைதான் காரணம். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய் இரண்டும் பேர்போனவை. இறுகினால் பயப்படாதீர்கள், கரண்டியால் அமுக்கி அச்சில் திணியுங்கள். தோற்றம் கரடுமுரடாக இருக்கும், சோப்பு நல்ல சோப்பே. அரிசி அரிசியாகத் திரிந்தால் பிளெண்டரை மறுபடி ஓட்டுங்கள், பல நேரம் சேர்ந்துவிடும். அடுத்த முறை வாசனையை டிரேஸ் லேசாக வந்தவுடன் கையால் கலக்குங்கள். 500 கிராம் எண்ணெய்க்கு மொத்தம் 15 கிராமுக்கு மேல் போக வேண்டாம். கிராம்பும் பட்டையும் தோலை எரிக்கக் கூடியவை, அவை இன்னும் மிகக் குறைவாக. ஊதுபத்திக்கும் மெழுகுவத்திக்கும் விற்கும் வாசனைத் திரவத்தைச் சோப்பில் ஊற்றாதீர்கள். தோலில் பட ஏற்றதென்று குறித்து விற்பதை மட்டும் வாங்குங்கள்.

அச்சில் பொங்குகிறது, நடுவில் வெடிக்கிறது

சூடு அதிகம். தேன், வெல்லம், பால், தேங்காய்ப்பால் எது போட்டாலும் அதிலுள்ள சர்க்கரை சூட்டை ஏற்றும். சித்திரை வெயில் கூடவே சேர்ந்துகொள்ளும். பொங்கி வழிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அப்போது அது முழுக்கக் காரம். கையுறையோடு கரண்டியால் கிளறி அமுக்கி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அச்சுக்குக் கீழே எப்போதும் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தால் வழிந்தாலும் மேடை கெடாது. வெடிப்பு மட்டும் என்றால் கையுறைக் கையால் அழுத்தி மூடிவிடலாம்.

பால் போடுவதானால் உறையவைத்துக் கட்டியாக்கி, அதன் மேல் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். சூடான பால் ஆரஞ்சு நிறமாகித் தீய்ந்துபோகும். முதல் சில நாள் வரும் அம்மோனியா நெடி தானாகப் போய்விடும்.

வெட்டிப் பார்த்தால் நடுவில் மட்டும் கருத்த வட்டம் தெரிவதும் சூட்டால்தான். நடுப்பகுதி சூடேறிக் கண்ணாடி போலாகி இறுகியது, ஓரம் அப்படி ஆகவில்லை. குறை ஒன்றுமில்லை.

வெள்ளையாக இருக்கிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் நிதானம் வேண்டும். வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மேல்பரப்பில் மட்டும் சன்னமான தூளாக, விரலால் துடைத்தால் வருகிறதா? அது சோடா சாம்பல். ஊற்றிய முதல் நாளில் மேலே இருக்கும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. இட்லிப் பானை ஆவியில் ஒரு நிமிடம் காட்டினால் மறையும், ஈரத்துணியால் துடைத்தாலும் போகும். அடுத்த முறை ஊற்றியவுடன் அச்சை மூடி வையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். நாக்குச் சோதனையில் கடிக்காத வரை பயமில்லை.

வெட்டிய பக்கத்தில், சோப்புக்குள், கல் போல வெள்ளைத் துகள்கள் தெரிகின்றனவா? கத்தியால் குத்தினால் நீர் கசியும் குழிகள் இருக்கின்றனவா? அது வேறு கதை. கரையாத காஸ்டிக் சோடாவோ, கலவாத கரைசலோ அங்கே தங்கியிருக்கிறது. கையுறை போடுங்கள், கட்டிகளை ஒதுக்குங்கள். வாரக்கணக்கில் காயவைப்பதால் இது போகாது. காரம் எண்ணெயோடு சேரும் வேலை பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது தண்ணீர் வற்றிக் கட்டி இறுகத்தான். சேர எண்ணெயே இல்லாத காரம் எத்தனை வாரமானாலும் காரம்தான்.

நாக்கில் கடிக்கிறது: எடை எங்கே தப்பியது?

வெள்ளைத் துகளே இல்லாமல், பார்க்க அழகாக இருக்கும் சோப்பும் கடிக்கலாம். அதற்கு நம் ஊரில் மிகச் சாதாரணமான காரணம் லிட்டர், கிலோ குழப்பம்.

"ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடா" என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோவை முழுதும் சோப்பாக்க 183 கிராம் வேண்டும், 5 சதவீதம் குறைத்தால் 174. கணக்கு சரி. இப்போது ஒருவர் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கி அப்படியே வெட்டி ஊற்றுகிறார். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டருக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்றோ அதை ஒட்டிய ஒரு எண்ணோ இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 910 கிராமால் 166.5 கிராம் காஸ்டிக் சோடாவைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மீதி ஏழரை கிராம் சோப்பிலேயே நிற்கும். செய்தவர் எதையும் கூடப் போடவில்லை, குறிப்பை அப்படியே பின்பற்றினார். சோப்பு மட்டும் தோலைச் சுடுகிறது.

டம்ளர், கப், ஸ்பூன் கணக்கில் சொல்லும் எந்தக் குறிப்பையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை. எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றும் கிராமில்.

இன்னொரு வழி, எண்ணெயை மாற்றுவது. மேலே சொன்ன அளவில் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் 200 கிராம் நல்லெண்ணெய் போட்டால் என்ன ஆகும்? 100 கிராம் தேங்காய் எண்ணெய் 18.3 கிராம் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் ஏறக்குறைய 13.4 கிராம்தான். மொத்தத் தேவை 66.7 கிராமாக இறங்கிவிடும். நீங்கள் போட்டதோ 72.7. எண்ணெய் மாறினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இணையத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன.

மூன்றாவது, தராசு. பேட்டரி இறங்கினால் தப்பாகக் காட்டும். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். பத்து நாணயம் வைத்தால் 77-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நாம் போடும் காஸ்டிக் சோடாவும் கிட்டத்தட்ட அதே எடை என்பதால் இந்தச் சோதனை நன்றாகப் பொருந்தும்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் சோப்பைக் காப்பாற்றலாம். லிட்டர் பாக்கெட் சோப்புக்கு விடுபட்டது 90 கிராம் தேங்காய் எண்ணெய். கையுறையோடு எல்லாக் கட்டியையும் துருவி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அந்த எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மெதுவாகக் கிளறுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மசிந்து, பளபளப்பான களியாகும். ஆறவிட்டு நாக்கில் சோதியுங்கள். கடிக்கவில்லை என்றால் அச்சில் அமுக்கி எடுங்கள். எவ்வளவு தப்பியது என்றே தெரியவில்லை என்றால் அந்தச் சோப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம். துணிக்கும் பாத்திரத்துக்கும் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். அதுவும் கையில்தானே படும்.

மறுநாள் எண்ணெய் மேலே மிதக்கிறது

பிரிந்துவிட்டது. அடியில் இருக்கும் நீர் கிட்டத்தட்ட வெறும் காஸ்டிக் சோடா கரைசல், அதைச் சிந்தவிடாதீர்கள். எடை எல்லாம் சரியாகப் போட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், ஒரு சொட்டு விடாமல் எல்லாவற்றையும் பாத்திரத்தில் சேர்த்து, மேலே சொன்ன மாதிரி சூடாக்கிக் கலக்கினால் சேர்ந்துவிடும். ஒரு பகுதியைக் கீழே கொட்டிவிட்டால் கணக்குப் போச்சு, மீதியையும் கைவிட வேண்டியதுதான்.

ஒரு வாரமாகியும் கொழகொழவென்று இருக்கிறது

கடிக்கவில்லை என்றால் அவசரம் வேண்டாம். ஆலிவ் அதிகமுள்ள சோப்பும், தண்ணீர் அதிகமுள்ள சோப்பும் இறுக நாளாகும். காற்றோட்டமாக இன்னும் சில வாரம் விடுங்கள். அடுத்த முறை ஒரு டீஸ்பூன் உப்பைத் தண்ணீரில் முதலிலேயே கரைத்துவிட்டு அப்புறம் காஸ்டிக் சோடா போட்டால் கட்டி சீக்கிரம் இறுகும். மாதக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்காகவே இருந்தால் காஸ்டிக் சோடா வீரியம் குறைந்தது, அல்லது கடையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொடுத்துவிட்டார்கள். அதில் திரவச் சோப்புக்கான பசைதான் வரும்.

வெட்டும்போது பொடிகிறது

முதலில் நாக்குச் சோதனை. காரம் கூடினாலும் பொடியும். கடிக்கவில்லை என்றால், தேங்காய் எண்ணெய் அதிகமாக இருந்து நீங்கள் தாமதமாக வெட்டியிருக்கிறீர்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பைச் சில மணி நேரத்திலேயே வெட்ட வேண்டியிருக்கும்.

பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது

குப்பைமேனி, வேப்பிலை, துளசி எதுவானாலும் பச்சை நிறம் காரத்தில் நிற்காது, பழுப்பாகும். செம்பருத்தியும் பீட்ரூட்டும் அப்படித்தான். மஞ்சள் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளுக்குத் திரும்பி, வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். இதெல்லாம் கெடுதல் இல்லை. கெடுதல், பச்சிலை விழுதை அள்ளிப் போடுவது. கனமாகப் போட்ட விழுது உள்ளே அழுகி நாறும். காய்ந்த இலையை எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த எண்ணெயில் சோப்பு செய்யுங்கள்.

ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கெடுத்த வாடையும்

சோப்பாகாமல் விட்ட எண்ணெய் காறிப்போயிருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் அதிகம் போட்டால் இது சீக்கிரம் வரும். பழைய எண்ணெய், இரும்புக் கம்பித் தட்டு, ஈரக்காற்று எல்லாம் சேர்ந்து விரைவுபடுத்தும். தோலுக்கு ஆபத்து இல்லை. புள்ளியை வெட்டி எறிந்துவிட்டுச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டியின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பது இதுவல்ல. சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும்.

குளித்தபின் தோல் இழுக்கிறது, அல்லது நுரையே வரவில்லை

தேங்காய் எண்ணெய் அதிகமானால் அழுக்கோடு தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும். மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெயில்தான் வேண்டும் என்றால் காஸ்டிக் சோடா குறைப்பை 5-லிருந்து 20 சதவீதமாக்குங்கள். 500 கிராமுக்கு 73.2 கிராம் காஸ்டிக் சோடா வரும், தோல் இழுக்காது.

நுரை வராததற்குப் பெரும்பாலும் சோப்பு காரணமில்லை, உப்புத் தண்ணீர்தான். ஆலிவ் சோப்பு போர் தண்ணீரில் திரிந்து, நுரைக்குப் பதில் பிசுபிசுப்பான வெள்ளைப் படிவாகத்தான் வரும். தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். ஆகவே கடினத் தண்ணீர் உள்ள ஊரில் 30 சதவீதத்தில் நிற்காமல் 40, 50 வரை ஏற்றி, காஸ்டிக் சோடா குறைப்பை 8 சதவீதமாக்குங்கள். ஏற்றும்போது காஸ்டிக் சோடாவை மறுபடி கணக்கிட மறக்காதீர்கள்.